கால் விரல் அசைகிறதா?

ஹூஸ்டனில் ஸ்டான்லி கிராஃபோர்டு என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். மார்பிலிருந்து வயிறு வரை பலூன் மாதிரி வீங்கிப்போன பெருந்தமனியைத் திறந்து, உள்ளே டாக்ரான் குழாயை வைத்துத் தைப்பதில் அன்று அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலான அவருடைய கணக்கு 1993-ல் கட்டுரையாக அச்சில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டிருந்தார். மொத்தம் 1509 நோயாளிகள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 8 சதவீதம்தான். இப்படிப்பட்ட நோய்க்கு அது பெரிய சாதனை. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 16 சதவீதம் பேருக்குக் கால்கள் முழுதாகவோ பாதியாகவோ விழுந்துவிட்டன.

உயிர் பிழைத்தாச்சு, கால் இல்லை. நடந்து வந்து படுத்தவர் கண் விழிக்கும்போதுதான் அது தெரியும். அறுவை அரங்கில் இருந்த ஒருவருக்கும் அதுவரை தெரியாது. நான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த இடைவெளிக்காகத்தான்.

காரணம் ரொம்ப எளிமையானது. தைப்பதற்குப் பெருந்தமனியில் கிளாம்ப் போட்டாக வேண்டும். தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் சிறு தமனிகள் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. போலந்தின் கிராக்கோவ் நகரில் ஆல்பர்ட் ஆடம்கீவிச் 1880-களின் தொடக்கத்தில் அவற்றை வரைபடமாக்கினார். கீழ் மார்புப் பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கம், மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். (பிற்பாடு புற்றுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அது தனிக் கதை.)

1962-ல் வில்லியம் பிளெய்ஸ்டெலும் டென்டன் கூலியும் நாய்களில் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தண்டுவடம் ஒரு மூடிய உறைக்குள், திரவத்தில் மிதக்கிறது. கிளாம்ப் போட்டதும் கீழே ரத்த அழுத்தம் சரிகிறது, உறைக்குள் திரவ அழுத்தமோ ஏறுகிறது. தண்டுவடத்துக்குள் ரத்தத்தைத் தள்ளுவது இந்த இரண்டின் வித்தியாசம்தான். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு. திரவத்தை வடித்துவிட்டால்? நாய்களின் கால்கள் பிழைப்பது கூடியது.

அப்போ விஷயம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? 1991-ல் கிராஃபோர்டே 98 நோயாளிகளை வைத்துச் சோதித்தார். வடித்தவர்களிலும் வடிக்காதவர்களிலும் ஏறத்தாழ ஒரே பங்கு, மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக, கால் பாதிப்பு. வடிப்பதால் பலனில்லை என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு வரம்பு இருந்தது: 50 மில்லிக்கு மேல் வடிக்கவில்லை. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி திரவத்தைச் சுரக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் அந்த 50 திரும்பி வந்துவிடும். வரம்பு வைத்ததிலும் நியாயம் உண்டு, அளவுக்கு மீறி வடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். என் வாசிப்பில், அந்த ஆய்வு சொன்னது ‘50 மில்லி போதாது’ என்பதை மட்டும்தான். அளவு தப்பாக இருந்ததற்காக யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கிராஃபோர்டிடம் பயின்ற ஜோசப் கொசெல்லி அதே ஊரில் 2002-ல் திரும்பச் செய்தார். இந்த முறை இலக்கு மில்லி அல்ல, அழுத்தம்: பாதரச அளவில் 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வடிப்பு அறுவைக்குப் பிறகும் தொடர்ந்தது. 145 பேர். வடிக்காத 69 பேரில் 9 பேருக்குக் கால் பாதிப்பு, வடித்த 76 பேரில் 2 பேருக்கு. நாய்களிலிருந்து இங்கே வர நாற்பது வருஷம்.

சரி, தூங்குகிறவரின் தண்டுவடத்தை எப்படி விசாரிப்பது? முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் அறுவையில் பிரெஞ்சு மருத்துவர் ஸ்டாக்னாராவும் குழுவினரும் நடுவிலேயே நோயாளியை எழுப்பிக் காலை அசைக்கச் சொன்னார்கள். 1973-ல் அதை எழுதினார்கள். மார்பு திறந்து, தமனியில் கிளாம்ப் இருக்கும்போது அதெல்லாம் நடக்காது. அதனால் கணுக்கால் நரம்பில் மின்துடிப்பு கொடுத்து, அது தலைக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். சேர்ந்தது. ஆனாலும் சிலர் கால் அசையாமல் விழித்தார்கள்.

எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கலாம். சர்வர் உயிரோடு இருக்கா என்று கேட்டால் பச்சை விளக்கு எரியும், வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கம் மட்டும் திறக்காது. அந்த மின்துடிப்பு தண்டுவடத்தின் பின்பக்க உணர்வுப் பாதையில் ஏறுகிறது. கால்களை இயக்கும் கட்டளை இறங்குவதோ முக்கியமாகப் பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும். அங்கே ரத்தம் தருவது வேறு தமனி.

கேள்வியைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் 1980-ல், மண்டையோட்டைத் திறக்காமலே வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திக் கைத்தசையை அசையவைத்தார்கள். 1990-களில் ஆம்ஸ்டர்டாமில் யாகோப்ஸ், டி ஹான் குழுவினர் அதைப் பெருந்தமனி அறுவைக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் துடிப்பு, காலில் பதில். பதில் மங்கினால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். உடனே ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், வெட்டிய சிறு தமனிகளைத் தேடிக் குழாயோடு இணைக்கலாம். ‘முடிந்தது’ என்று அறிவிக்கும் எண் அல்ல இது, ‘இன்னும் நேரமிருக்கு’ என்று சொல்லும் எண்.

அதுவும் போதாத நோயாளிகள் உண்டு. நல்லபடியாக விழித்து, காலை ஆட்டிக் காட்டிவிட்டு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் கால் மரத்துப்போகிறவர்கள். அந்த நேரத்தில் தலையில் மின்முனைகள் இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் மணிக்கொரு தரம் வந்து, தூங்குகிறவரை எழுப்பி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். தூக்கவில்லை என்றால் அழுத்தத்தை ஏற்றி, திரவத்தை வடிக்க ஓடுகிறார்கள். சில கால்கள் திரும்பி வந்திருக்கின்றன.