முதுகுப்பையும் கொழுந்துக் கூடையும்

மலைநடைக்குப் புறப்பட்ட இளம் நண்பரொருவர், பாரமற்ற முதுகுப்பை எதுவென்று என்னிடம் கேட்டார். அப்போது நாங்கள் ரம்புக்கனைப் புகையிரத நிலையத்தில் நின்றிருந்தோம். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவது இங்கிருந்துதான்.

1867இல் இருப்புப்பாதை கண்டியை எட்டும்வரை, மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கியது. அக்கோப்பியைப் பறிக்க வந்த நம்மவர்களோ, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே மூட்டை சுமந்து நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன.

பாரத்தை உடலின் எப்பகுதி தாங்குவது? அமெரிக்கரான டிக் கெல்டி, 1952இல் அலுமினியச் சட்டமிட்ட பைகளை விற்கத் தொடங்கினார். அவற்றின் இடுப்புப்பட்டி, தோளின் சுமையை இடுப்பெலும்புக்கு மாற்றியது. 1955இல் 67 வயது எம்மா கேட்வுட் அம்மையார், தாமே தைத்த பையொன்றைத் தோளிலிட்டு 3,200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையை நடந்து முடித்தார். குறைவாகச் சுமப்பதே முதற்பாடம்.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: "பையைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் பொருள்களை நிறுத்துப் பாருங்கள். உணவும் நீரும் நீங்கலாக நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால், சட்டமில்லாப் பை போதும். உயரத்தைப் பாராமல், கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை முதுகை அளந்து தெரிவு செய்யுங்கள்."

இடுப்புப்பட்டி வந்து எழுபதாண்டுகள் கடந்துவிட்டன. பல தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடை இன்னும் தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்குகிறது. உல்லாச நடைக்குக் கிட்டிய அறிவு, உழைப்பவரின் கழுத்துக்கு எப்போது கிட்டும்?