கணக்கில் விட்டுப்போன ஒரு ஓம்: டிசி கன்வெர்ட்டர் சிமுலேஷனின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு மின்சுற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் அறைத்தோழனால் வந்தது. அவன் ட்ரிபிள் ஈ. 12 வோல்ட் டிசியை 120 வோல்ட்டாக ஏற்றும் ஒரு சுற்றைப் புராஜெக்ட்டுக்காகக் கணினியில் வரைந்து ஓட்டினான். திரையில் 120 வந்தது. பலகையில் சால்டர் செய்து பார்த்தால் 55-ஐத் தாண்டவில்லை. "சாஃப்ட்வேர் பொய் சொல்லுதுடா" என்றான். அது உண்மையா என்று தேடப் போய், ஐம்பது வருட வரலாறு கையில் கிடைத்தது.

முதலில் அடிப்படை. ஏசி மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ டிரான்ஸ்ஃபார்மர் போதும். டிசிக்கு அது நேரடியாக உதவாது. அதனால் ஒரு சுவிட்சை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறார்கள். கூடவே ஒரு சுருள், ஒரு டையோடு, ஒரு கெப்பாசிட்டர். குறைக்கும் சுற்றுக்குப் பக் என்று பெயர். பாதி நேரம் சுவிட்ச் மூடியிருந்தால் 12 வோல்ட் 6 ஆகும். ஏற்றும் சுற்று பூஸ்ட். சுவிட்ச் மூடியிருக்கும்போது சுருள் ஆற்றலைச் சேமிக்கும், திறந்ததும் வெளியே கொட்டும். பாதி நேரம் மூடினால் 12 வோல்ட் 24 ஆகும். பத்தில் ஒன்பது பங்கு நேரம் மூடினால் 120.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1969-70 வாக்கில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. பேராசிரியர் ரான் ரோரரின் மாணவர்கள் மின்சுற்றைக் கணினியில் ஆராய ஒரு நிரல் எழுதினார்கள். பெயர் கேன்சர்! பெயரின் கடைசிப் பகுதிக்கு 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று பொருள். அக்காலத்தில் இத்தகைய நிரல்கள் பலவும் ராணுவப் பணத்தில் உருவானவை. அணுக் கதிர்வீச்சில் சுற்று தாங்குமா என்று பார்ப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. இந்த மாணவர்கள் அதை வேண்டாம் என்று விட்டார்கள். விட்டதைப் பெயரிலேயே எழுதியும் வைத்தார்கள்.

ரோரர் பெர்க்லியை விட்டுப் போனதும், அவருடைய மாணவர் லாரி நேகல் பேராசிரியர் டொனால்ட் பீடர்சனிடம் சேர்ந்தார். நிரல் யாருக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது பீடர்சனின் நிபந்தனை. அப்படித் திருத்தி எழுதப்பட்டதுதான் ஸ்பைஸ். 1973-இல் ஒரு மாநாட்டில் அறிமுகமானது. 1975-இல் இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆனால் நம் கன்வெர்ட்டர் ஸ்பைஸுக்குப் பெரிய தலைவலி. சுவிட்ச் விநாடிக்கு 1 லட்சம் முறை இயங்குகிறது என்று வையுங்கள். 50 மில்லி விநாடிக்குள் 5,000 சுழற்சி. சுழற்சிக்கு 100 படி கணக்குப் போட்டால் 5 லட்சம் படிகள். அந்தக் காலத்துக் கணினிக்கு இது சாதாரண வேலையா?

இதற்கு வழி சொன்னது அதே மாநிலத்தின் கால்டெக். அங்கே பேராசிரியர் மிடில்புரூக்கும் அவருடைய மாணவர் வெஸ்டரும் 1970-களின் தொடக்கத்திலேயே சராசரி முறையில் கணக்கிடத் தொடங்கியிருந்தார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஸ்லோபோடன் சூக் என்ற மாணவரும் மிடில்புரூக்கும் 1976-இல் அதை ஒரு பொது முறையாக வெளியிட்டார்கள். சுவிட்ச் மூடியிருக்கும்போது ஒரு சமன்பாடு, திறந்திருக்கும்போது இன்னொன்று. இரண்டையும் அந்தந்த நேரப் பங்கால் பெருக்கிக் கூட்டு. அவ்வளவுதான்!

இதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். இது நம் புள்ளியியல் தாளில் வரும் நிறையிட்ட சராசரி அல்லவா? லட்சக்கணக்கான படிகள் போய், கையாலேயே போடக்கூடிய கணக்காகிவிட்டது.

அது இன்னொன்றையும் காட்டியது. பூஸ்ட் சுற்றில் கூடுதல் வோல்ட் கேட்டு சுவிட்சை அதிக நேரம் மூடினால், வெளியீடு முதலில் இறங்கி, பிறகுதான் ஏறும். சுருள் முதலில் தனக்குச் சேமித்துக்கொள்கிறது, வெளியே கொட்டும் நேரம் குறைகிறது. சீட்டுக் கட்டத் தொடங்கிய மாதம் கையைக் கடிப்பது போல. இது தெரியாமல் கட்டுப்பாட்டுச் சுற்று அமைத்தால் வெளியீடு நிலைகொள்ளாமல் ஆடும்.

சராசரியும் சிலவற்றை விட்டுவிடும். சராசரி ஆழம் பார்த்து ஆற்றில் இறங்கியவர் கதை நமக்குத் தெரியும். சுருளின் சராசரி ஓட்டம் 2 ஆம்பியர் என்றாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் உச்சம் 3-ஐத் தொடலாம். சுவிட்ச் தாங்க வேண்டியது அந்த உச்சத்தை. அதைப் பார்க்க மறுபடி ஸ்பைஸ் போல முழுக் கணக்குதான் வேண்டும். இன்று அது எளிது. 1999-இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனம் எல்டிஸ்பைஸை இலவசமாக வெளியிட்டது. கன்வெர்ட்டர் சிப் விற்கிற நிறுவனம் சிமுலேஷனை இலவசமாகத் தந்தால் சிப் விற்கும். நல்ல வணிக உத்தி!

இப்போது நண்பனின் 120 வோல்ட்டுக்கு வருவோம். அவன் வரைந்த சுருளுக்கு மின்தடையே இல்லை. நிஜச் சுருள் செம்புக் கம்பி, தடை இருக்கும். அளந்து பார்த்தோம். வெளியே மாட்டிய சுமையின் தடையில் நூறில் ஒரு பங்கு இருந்தது. வெறும் ஒரு சதவீதம்! அதைச் சராசரிக் கணக்கில் சேர்த்தால், பத்தில் ஒன்பது பங்கு நேரம் மூடும்போது கிடைப்பது 60 வோல்ட். அதுவே உச்சம். மேலும் மூடி நூறில் 99 பங்குக்குப் போனால், தடை இல்லாத கணக்கு 1,200 வோல்ட் என்று ஆசை காட்டும். தடை சேர்த்த கணக்கில் வருவது 11.88. கொடுத்த 12 கூடத் திரும்பவில்லை! 60-க்கும் 55-க்கும் இடையில் போனதை டையோடும் சுவிட்சும் தின்றிருக்க வேண்டும்.

தடையைச் சேர்த்து மறுபடி ஓட்டினான். திரையும் 60-க்கு இறங்கியது. சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை. பேரேட்டில் ஏற்றாத கடன் இருப்புநிலைக் குறிப்பில் எப்படி வரும்?

எந்த மாதிரியும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். பெர்க்லி மாணவர்கள் கதிர்வீச்சை விட்டார்கள், கால்டெக்காரர்கள் சுழற்சிக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தை விட்டார்கள். இருவருக்கும் தாங்கள் விட்டது எது என்று தெரியும். என் நண்பனுக்குத் தெரியவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது அவன் நோட்டில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் 'இதில் சேர்க்காதவை' என்று ஒரு வரி இருக்கிறது.

ட்ரிபிள் ஈ நண்பர்களே, தவறு இருந்தால் திருத்துங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்!