நீள்முடி இளைஞரும் நம் தீர்ப்பும்

தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடைபோடுவது மிகப் பழைய குற்றம். ஒட்டக மயிராடை உடுத்திய திருமுழுக்கு யோவானைப் பேய் பிடித்தவர் என்றும், பாவிகளோடு பந்தியமர்ந்த இயேசுவைப் பெருந்தீனிக்காரர் என்றும் மக்கள் ஏசியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். அதே குற்றம் செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் ஓர் இளைஞர் இசைக்குழுவுக்கு எதிராக இழைக்கப்பட்ட வரலாற்றை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

1960-களின் நடுவில் அந்நாட்டு இளைஞர் பலர் ராக் இசையில் மனம் பறிகொடுத்து, தலைமுடியை நீள வளர்த்தனர். மரியா என்னும் பெயரின் செல்லச் சுருக்கமான 'மானிச்கா' என்ற பெண்பெயரால் அவர்களை ஊரார் அழைத்து நகைத்தனர். 1966-இல் காவல்துறை அவர்களைப் பிடித்து வலிந்து முடியைக் கத்தரித்தது. உணவகங்களும் திரையரங்குகளும் அவர்களுக்குக் கதவடைத்தன. பொதுவுடைமை ஆட்சியை மனத்துக்குள் வெறுத்த பெற்றோரும், இந்த ஒன்றிலாவது அரசு நல்லது செய்கிறது என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தன. அடுத்த சில வாரங்களில் மிலான் ஹ்லாவ்சா என்னும் இளைஞர் பிராக் நகரில் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். கலை வரலாறு பயின்ற இவான் யிரோவுஸ் பின்னர் அதற்கு வழிகாட்டியானார். 1970-இல் அரசு அக்குழுவின் உரிமத்தைப் பறித்தது. மேடை இழந்தவர்கள் சிற்றூர்களில், திருமண விருந்துகளில் இசைத்தனர். 1974 மார்ச்சில், செஸ்கே புதெயோவிட்சே நகருக்கு அருகே இசை கேட்கத் திரண்ட இளைஞர்களைக் காவலர் அடித்து விரட்டினர்.

1976 மார்ச்சில் இசைஞரும் அவர்தம் நண்பர்களும் கைது செய்யப்பட்டனர். போதைக்கு அடிமைகள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அரசு ஏடுகள் அவர்களைத் தூற்றின. செப்டம்பரில் பிராக் நீதிமன்றம், பொது ஒழுங்கைக் குலைத்ததாக நால்வருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. யிரோவுசுக்கு 18 மாதங்கள்; சாக்சபோன் இசைஞர் விராதிஸ்லாவ் பிராபெனெட்சுக்கு 8 மாதங்கள். கிதார் மீட்டிச் சமயப் பாடல்கள் பாடிவந்த சீர்திருத்தச் சபைப் போதகர் ஸ்வாதோப்லுக் காராசெக்கும் தண்டனை பெற்றவருள் ஒருவர்.

அக்குழுவின் பாடல்களில் கொச்சைச் சொற்கள் இருந்தது உண்மையே. நம் பங்கு மன்றத்தில் அவற்றைப் பாட நாம் இசையமாட்டோம். ஆனால் நமக்குப் பிடிக்காதது வேறு, குற்றம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய மறுத்த மக்களின் வெறுப்பே ஆட்சியாளருக்குத் துணிவு தந்தது. இந்த நீள்முடிக்காரருக்காகப் பரிந்து பேச யார் வரப்போகிறார் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அக்கணக்கு பொய்த்தது. நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் நீதிமன்றம் சென்று வழக்கைக் கவனித்தார். எழுபது வயதை நெருங்கியிருந்த மெய்யியலார் யான் பாதொச்கா இளைஞருக்காக எழுதினார். அரசியல் நோக்கம் ஏதுமின்றித் தம் உள்ளத்துக்கு உண்மையாக வாழ விரும்பியவரை இன்று சிறையிட்டால், நாளை எவரையும் சிறையிடலாம் என்பதை ஹாவெல் உணர்ந்தார். இளைஞருக்காக ஒன்றுகூடியவர்களின் முயற்சியே 1977 சனவரியில் 'சாசனம் 77' என்னும் மனித உரிமை அறிக்கையாக மலர்ந்தது. முதலில் 242 பேர் கையொப்பமிட்டனர். அதன் பேச்சாளர்களுள் ஒருவரான பாதொச்கா, நெடிய காவல்துறை விசாரணைகளுக்குப் பின் அவ்வாண்டு மார்ச்சில் உயிர்நீத்தார்.

அப்போது திருச்சபை எங்கே நின்றது? இக்கேள்வியை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. அரசின் நெருக்கடிக்கு இடையே, தாங்கள் அதில் கையொப்பமிட்டவர்கள் அல்லர் என்று ஆயர்கள் கத்தோலிக்க வார ஏட்டில் அறிவித்தனர். எனினும் இறையியலார் யோசெப் ஸ்வெர்ஷினாவும், குருப்பட்டம் பெற்று ஓராண்டும் நிறையாத வாட்ஸ்லாவ் மாலீயும் கையொப்பமிட்டனர். மாலீ பின்னர்ப் பணி உரிமம் இழந்து, கொதிகலனுக்கு நெருப்பிடும் தொழிலாளியானார். 1997-இல் அவரே பிராக் உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயரானார். முதலில் தயங்கிய கர்தினால் தோமாஷேக்கும் முதுமையில் துணிவு பெற்று, 1989 நவம்பரில் மக்களோடு வெளிப்படையாக நின்றார். அவ்வாண்டு இறுதியில் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

இன்னொன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. 1978-இல், ஒழுக்கம் கெட்டவர் எனத் தூற்றப்பட்ட அதே இசைக்குழு, ஹாவெலின் பண்ணை வீட்டில் இரகசியமாகக் கூடி ஒரு படைப்பைப் பதிவு செய்தது. அதன் பொருள் ஆண்டவரின் திருப்பாடுகள். விவிலியத்தைத் தழுவி அதை அமைத்தவர், சிறை சென்று மீண்ட பிராபெனெட்ஸ். கோவிலுக்கு வெளியே, காவலருக்கு அஞ்சி, அந்த நீள்முடி இளைஞர்கள் சிலுவைப் பாதையைப் பாடினார்கள்.

நம் செவிக்கு இரைச்சலாகப்படும் ஓர் இசை நம் பிள்ளைகளின் அறையிலிருந்து எழும்போது, கதவைத் தட்டி உள்ளே சென்று சிறிது நேரம் அமர்ந்து கேட்போம். தீர்ப்பு பிறகு ஆகட்டும்.