வீடும் பள்ளியும்: பொம்மசந்திராத் தொழிலாளர் குழந்தைகளின் கல்வி குறித்து ஒரு விசாரணை

ஏழைக் குழந்தை படிப்பில் பின்தங்கும்போது பழியை வீட்டின்மேல் சுமத்திவிட்டுப் பள்ளி ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. வீட்டின் ஆதிக்கம் மெய்யே. ஆயின் அது பள்ளியின் கடமையைக் குறைக்கவில்லை, பெருக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் தாலுகாவில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை உதாரணமாகக் கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்தும் ஜீவனம் தேடி வந்த குடும்பங்கள் பல, ஒற்றை அறை வாடகை வீடுகளில் வசிக்கின்றன. தந்தை இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்க, தாயும் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பு மூத்த பெண்ணின்மேல் விழுகிறது. வீட்டில் பேசும் பாஷை ஒன்று, அரசுப் பள்ளியின் பாஷை கன்னடம். ஒப்பந்த வேலை முடிந்தால் வருஷ நடுவிலேயே ஊர் மாறவும் வேண்டும். இவை பெற்றோரின் அசிரத்தையால் விளைந்தவையல்ல. கூலியும் வேலை நேரமும் வாடகையுமே அவ்வீட்டின் ஒழுங்கை நிர்ணயிக்கின்றன.

1966இல் அமெரிக்காவில் வெளியான, சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மனின் அறிக்கை, பள்ளிகளின் வசதி வேற்றுமையைவிடக் குடும்பப் பின்னணியே மாணவர் தேர்ச்சியோடு நெருங்கிய சம்பந்தமுடையது என்று கண்டது. இதைக்கொண்டு பள்ளியால் பயனில்லை என முடிவுகட்டுவது பிழை. அந்நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளிப் பரிசோதனையில் ஆசிரியர்கள் வாரந்தோறும் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்றனர். அக்குழந்தைகள் நாற்பது வயதடைந்தபோது, அவ்வாய்ப்புப் பெறாதவர்களைவிட மிகுதியாகச் சம்பாதித்தனர் என்று ஆராய்ச்சி காட்டியது. நம் காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோதும், பசி வீட்டின் விஷயம் என்று தள்ளாமல் பள்ளியின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

குழந்தையை வீட்டிலிருந்தே பிரித்து வளர்ப்பது உத்தமம் என்பாரும் உளர். 1997இல் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாலிகானப்பள்ளியில் ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவிய சாந்தி பவன், வறிய குடும்பங்களின் பாலகர்களை உறைவிடப் பள்ளியில் சேர்த்து உயர்கல்விவரை வளர்த்துவருகிறது. அதன் சாதனை போற்றத்தக்கது. எனினும் குடும்பத்திற்கு ஒரு குழந்தையைச் சேர்ப்பதே அதன் முறையாதலால், உடன்பிறந்தோரின் பிரச்சினை அவ்வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஒரு தொழிற்பேட்டையின் குழந்தைகள் அனைவர்க்கும் அவ்வழி பொருந்தாது.

ஆதலின் பரிகாரம் வீட்டோடு சேர்ந்தே அமையவேண்டும். பெண் தொழிலாளர் ஐம்பதின்மருக்கு மேற்பட்ட ஆலைகளில் குழந்தைக் காப்பகத்தை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கட்டாயமாக்கிற்று. காப்பகம் உண்மையில் இயங்கினாலன்றி மூத்த பெண் வகுப்புக்கு வருதல் அரிது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்து விசேஷப் பயிற்சி பெறும் உரிமையை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அளித்திருக்கிறது. இடம்பெயரும் குழந்தைக்கு அது தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். தொடக்க வகுப்புகளில் வீட்டுப் பாஷையின் துணையோடு கன்னடம் கற்பிக்கவேண்டும். உபாத்தியாயர் மாணவர் வீட்டிற்குச் செல்லும் நேரம் தயவாகக் கருதப்படாமல், ஊதியத்திற்குரிய பணியாகவே கணக்கிடப்படவேண்டும். மாணவரின் வீட்டை அறியாத பள்ளி, அவர்களின் தோல்விக்கு அவ்வீட்டைக் குறைகூற அருகதையற்றது.