நடக்கும் உரிமையும் நடப்போர் பாதுகாப்பும்

பொதுச் சாலையில் நடப்பது நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமையாகும். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என நிலைநாட்டிற்று. அன்று சாதி வழி மறித்தது. இன்று வாகனங்களின் வேகம் மறிக்கின்றது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், நடைபாதை உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என 2025இல் உச்சநீதிமன்றம் கூறியது; நடப்போர் பாதுகாப்புக்கு விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையும் இட்டது. அவ்வரசியலமைப்பின் வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அண்ணல் அம்பேத்கர்.

ஏட்டிலுள்ள உரிமை தானே சாலைக்கு வாராது. இராசிபுரத்தில் நடைபாதையற்ற தெருக்களைக் கணக்கெடுத்து நகராட்சியில் மனு அளிப்பது கற்ற இளைஞர்களின் கடமையாகும்.