மின்காந்த இணக்க அளவீட்டில் சோதனையாளர் தேர்ச்சியும் நெறிமுறை இறுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மின்கருவி ஒன்று பிற கருவிகளுக்கு இடையூறு விளைவிக்காமலும் அவற்றால் இடையூறுறாமலும் இயங்குவதே மின்காந்த இணக்கம் எனப்படும். அதனை அளக்கும் நெறிமுறைகள் காலப்போக்கில் இறுகியுள்ளன. ஆயினும் அவை சோதனையாளரின் தேர்ச்சியை விலக்கவில்லை, அதனைச் சார்ந்தே நிற்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்காந்த இணக்கம், சிஸ்பர், குவாசி-பீக், சோதனையாளர் தேர்ச்சி, அளவீட்டு வரலாறு

முன்னுரை

வானொலி பரவிய காலத்தில் மின்கருவிகள் எழுப்பிய இரைச்சல் ஒலிபரப்பைக் கெடுத்தது. நாட்டுக்கு நாடு அளவுமுறை வேறுபட்டால் வணிகம் தடைப்படும். எனவே 1933இல் பாரிசில் நடைபெற்ற மாநாட்டின் விளைவாகச் சிஸ்பர் எனும் பன்னாட்டுச் சிறப்புக் குழு உருவானது. அதன் முதல் கூட்டம் 1934இல் நிகழ்ந்தது.

செவியின் தீர்ப்பு எண்ணான வரலாறு

எதனை அளப்பது என்பதே அடிப்படை வினா. உச்ச அளவு ஒன்றாயினும், அரிதாக எழும் துடிப்பு கேட்போரை அவ்வளவாக உறுத்துவதில்லை. அடுத்தடுத்து எழும் துடிப்புகள் பெரிதும் உறுத்துகின்றன. இவ்வேறுபாட்டைக் காட்டவே விரைந்து மின்னேற்றம் பெற்று மெல்ல இறங்கும் குவாசி-பீக் உணரி வகுக்கப்பட்டது. 0.15 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அதன் ஏற்றக் காலமாறிலி 1 மில்லிநொடி. இறக்கக் காலமாறிலி 160 மில்லிநொடி. இவை இயற்கை விதி தந்த எண்கள் அல்ல. கேட்போரின் உணர்வைக் கருவியில் பதிக்க மனிதர் வகுத்தவை.

நெறிமுறை ஒப்படைத்த பணி

கதிர்வீச்சு அளவீட்டில் மேசையின் உயரம் 0.8 மீட்டர், அலைவாங்கியை 1 முதல் 4 மீட்டர் வரை உயர்த்தித் தேட வேண்டும். தரையில் பட்டுத் தெறிக்கும் அலை, நேரலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதே இதற்குக் காரணம். காரணம் அறியாதவரும் இவ்விதியைப் பின்பற்ற இயலும்.

கேபிள் அவ்வாறன்று. 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். கணினியோடு இணையும் சாதாரணக் கேபிளே அங்கு அலைபரப்பியாகிவிடும். 1985இல் முதன்முதல் வெளிவந்த சிஸ்பர் 22 வரிசைத் தரம், இயல்பான பயன்பாட்டிற்குட்பட்டுக் கருவியின் அமைப்பை மாற்றி, பெரும இடையூற்றைத் தேடுமாறு பணித்தது. எதனை, எவ்வளவு நகர்த்துவது என்னும் முடிவு சோதனையாளருடையது. அவர் தேடாமல் விட்டால், தரம் மீறிய கருவியும் சான்றிதழ் பெற்றுச் சந்தைக்கு வரும். ஆவணத்தில் பிழை ஏதும் தெரியாது.

எதிர்வாதமும் மதிப்பீடும்

நெறிமுறையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1996 சனவரி 1 முதல் ஐரோப்பியச் சந்தையில் மின்காந்த இணக்க ஆணை கட்டாயமாயிற்று. ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகமும் ஏற்க வேண்டுமெனில் பொதுவிதி இன்றியமையாதது. எழுதப்படாத தேர்ச்சியைத் தணிக்கை செய்வதும் அரிது. எனினும், ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரம் தன் தலைப்பிலேயே ஆய்வகங்களின் 'தகுதிறன்' என்பதை முன்வைக்கிறது. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்டளைத் தன்மையுடைய சில விதிகளைக் குறைத்துச் செயல்விளைவுக்கு முதன்மை அளித்தது.

முடிவுரை

விதி ஒப்பீட்டை உறுதிசெய்கிறது. தேர்ச்சி உண்மையைத் தேடுகிறது. ஆகவே சோதனை அறிக்கையில் பெறப்பட்ட எண்ணோடு, கேபிளை அவ்வாறு அமைத்ததற்கான காரணமும் இடம்பெறல் வேண்டும். அப்போதுதான் தேர்ச்சியும் தணிக்கைக்கு உட்படும். அடுத்த தலைமுறைச் சோதனையாளருக்கும் அது கைமாறும்.