கேமரன் மலைக்குச் சைக்கிளில் போகிறீர்களா? இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

கேமரன் மலைக்குக் காரில் போகாத குடும்பம் நம்மில் குறைவு. பள்ளி விடுமுறையில் ஒரு நாள், தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம், வரும்போது இரண்டு பை காய்கறி. இப்போது அதே சாலையில் சைக்கிளில் ஏறும் நம் பிள்ளைகளையும் பார்க்க முடிகிறது. ஞாயிறு விடியற்காலையில் தாப்பா பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் கேட்கிறது.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்பதெல்லாம் "என்னால் ஏற முடியுமா?" என்றுதான். கொஞ்சம் பழக்கமும் பொறுமையும் இருந்தால் ஏறிவிடலாம். எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு இறங்குவது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கும் முதல் பயணத்தில் அது தோன்றவில்லை.

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் மேலே போகும் இரண்டு முக்கியச் சாலைகளும் பேராக்கில்தான் தொடங்குகின்றன. ஒன்று தாப்பாவிலிருந்து போகும் பழைய சாலை. மற்றது ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து போகும் புதிய, அகலமான சாலை. மேலே போய்ச் சேர்ந்ததும் நிற்பது சிகரத்தில் அல்ல, பள்ளத்தாக்கில். பெர்த்தாம் ஆற்றை ஒட்டி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். அதற்கு வடக்கே தெலோம் ஆற்றுப் பக்கம் கம்போங் ராஜா. இந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு ஒரே சாலை மேலும் கீழுமாகப் போகிறது.

தாப்பா சாலையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களுக்கு ஏற்றது அதுதான். 1920களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி, 1930களின் தொடக்கத்தில் முடிந்த சாலை. அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளின் திறனுக்கு ஏற்ப, மலையை நேராக வெட்டாமல் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு வாந்தி வருவது இதனால்தான். சைக்கிளில் போகிறவர்களுக்கோ அதே வளைவுகள்தான் உதவி. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். கணக்குப் போட்டால், ஏற்றம் தொடங்கிய பிறகு 100 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில்தான் சராசரி வருகிறது. எங்கேயும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது முடிவதும் இல்லை.

முதல் சில கிலோமீட்டர்கள் தோப்புகளுக்கும் கம்பங்களுக்கும் இடையே எளிதாகப் போகும். இங்கே வேகமாக மிதித்துக் காலைச் செலவழித்துவிட்டு, பிறகு லாத்தா இஸ்கந்தார் அருவியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. அருவி பாதி வழியை ஒட்டி வருகிறது. கடைகள் உண்டு, தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய், மூங்கில், டுரியான் காலத்தில் டுரியான் என்று சாலையோரம் விற்பார்கள். ஆனால் குடிதண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. வழியில் பெரியவர்களிடம் இடம் விசாரித்தால் "இத்தனாவது கட்டை" என்பார்கள். கட்டை என்பது மைல். இன்னும் ஐந்து கட்டை என்றால் எட்டு கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர்தான் என்று நினைத்துக் கடைசி வாழைப்பழத்தையும் சாப்பிட்டு முடித்தவன் நான்.

ரிங்லெட்டைத் தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம். சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டின் ஏரி இடப்பக்கமோ வலப்பக்கமோ தெரிந்துகொண்டே வரும். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. மேலேயிருந்து மழையில் கரைந்து வரும் மண் படிந்து, ஏரித் தண்ணீர் பெரும்பாலும் பால் தேநீர் நிறத்தில் இருக்கும். ஹாபுவிலிருந்து மறுபடியும் ஏற்றம். 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா. மலாயில் அந்தப் பெயருக்குச் சமதளம் என்று பொருள். 60 கிலோமீட்டர் ஏறி வந்தவனுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் உண்மையிலேயே அங்கே தரை கொஞ்சம் சமமாகத்தான் இருக்கிறது. சராசரி ஓட்டக்காரருக்குத் தாப்பாவிலிருந்து இங்கே வர ஐந்து மணி நேரம் ஆகலாம். காலை 6.30க்குக் கிளம்பினால் பகல் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும்.

ஹாபுவில் பிரியும் தோட்டச் சாலையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை அது. ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம், குருட்டு வளைவுகள், இரண்டு பக்கமும் தேயிலை. காடாக இருந்த இந்தச் சரிவுகளைத் தேயிலையாக்கிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். இன்று கொழுந்து வெட்டும் வேலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஆனாலும் லயத்துப் பக்கம் சைக்கிளை நிறுத்தினால், எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று தமிழில் கேட்க இன்னும் ஆள் உண்டு. வேலை நடக்கிற இடம் என்பதை மறக்காமல் போங்கள்: கொழுந்து ஏற்றிவரும் லோரிக்கு வழி விடுங்கள், செடிகளுக்கு நடுவே சைக்கிளை இறக்காதீர்கள். பார்வையாளர் நிலையம் வழக்கமாகத் திங்கட்கிழமை திறப்பதில்லை.

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஐந்து கிலோமீட்டர். அதற்கு மேலே கியா பார்ம் சந்தை வரையுள்ள சாலைதான் மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடிக்காத பகுதி. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் கார்கள் நகராது. ஓரத்தில் நிறுத்திய வண்டிகளின் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. ஏற்றத்தைவிடப் புகைதான் மூச்சை வாங்குகிறது. வார நாளில் போக முடிந்தால் போங்கள். இன்னும் தெம்பு இருந்தால் கியா பார்முக்குப் பக்கத்தில் பிரியும் பாதையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து, 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலை வரை ஏறலாம். தார்ச்சாலை அவ்வளவு உயரம் போகும் இடம் தீபகற்பத்தில் வேறில்லை என்பார்கள். குறுகலான, செங்குத்தான, குழிகள் நிறைந்த சாலை. ஒரு நாளில் தாப்பாவிலிருந்து இதையும் சேர்த்து முடிக்க நினைப்பது வீம்பு. மேலே ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் போவதே நல்லது.

இனி சிம்பாங் பூலாய். கம்போங் ராஜா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தொடக்கத்தில் கல் உடைக்கும் குவாரி லோரிகள், தூசி. அதன் பிறகு அகலமான, வளைவுகள் நீண்ட சாலை. ஏற்றம் தாப்பா சாலையைவிடக் கடுமை, நிழல் குறைவு. மலையை உயரமாக வெட்டிப் போட்ட சாலை என்பதால் மண்சரிவுக்குப் பேர்போனது. கால் பழகியவர்கள் இந்தப் பக்கம் ஏறுவதை விரும்புகிறார்கள். ஏறட்டும். இறங்குவதில்தான் எனக்குக் கவலை.

அகலச் சாலை பாதுகாப்பானது என்ற எண்ணம் எல்லாருக்கும் உண்டு. சரிவு நீளமாகவும் நேராகவும் இருப்பதால் நாம் அறியாமலே சைக்கிள் 60, 70 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் காய்கறி லோரிகளும் அதே சரிவில் வருகின்றன. 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தது இந்தச் சாலையில்தான். என்ஜின் பிரேக் உள்ள வண்டிக்கே அந்த நிலை என்றால், இரண்டு ரப்பர் கட்டைகளை நம்பி இறங்கும் நமக்கு?

சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் விளிம்பு கொதிக்கும், டியூப் வெடிக்கலாம். மலிவான கார்பன் சக்கரத்துக்கு இன்னும் ஆபத்து. வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். ஈரமான விளிம்பில் பிரேக் சில விநாடி தாமதமாகத்தான் பிடிக்கும். எனக்கு இது தெரியவந்தது தாப்பா சாலையில், ஒரு மாலை மழையில். வளைவில் எதிரே பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு வந்தது. நான் நின்றது மழைநீர்க் கால்வாயில். முழங்கைத் தோல் போனதோடு தப்பித்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிரேக் கட்டையில் ரப்பரே மிச்சமில்லை. கிளம்பும்போது பார்த்திருக்க வேண்டிய வேலை.

மேலே பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கிறது; ஆண்டின் கடைசி மாதங்களில் இன்னும் அதிகம். பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆகவே தாப்பாவில் ஏறி, மேலே தங்கி, மறுநாள் காலை 8, 9 மணிக்குச் சாலை காய்ந்த பிறகு அதே தாப்பா சாலையில் மெதுவாக இறங்குவதைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். ஒரே நாளில் திரும்ப வேண்டுமானால், கீழே இறங்க ஒரு வேனோ மச்சானுடைய ஹைலக்ஸோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் குவா மூசாங் போகும் சாலையும், ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் குவாலா லிப்பிஸ் போகும் சாலையும் உண்டு. இரண்டும் அழகு. ஆனால் கடைகள் வெகு தொலைவு, கைப்பேசி அலை பல இடங்களில் கிடைக்காது. துணை வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

தாப்பாவுக்கு வந்து சேர்வதற்கு ஒரு குறிப்பு: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பீடோர், கம்பார் பக்கமிருந்து வருகிறவர்கள் பழைய பெருஞ்சாலையில்தான் வர வேண்டும். இரண்டு டியூப், ஒரு காற்றடிக்கும் பம்பு, மழைச்சட்டை, பகலிலும் எரியும் சிவப்புப் பின்விளக்கு, புதிய பிரேக் கட்டை ஒரு ஜோடி. இறங்கும்போது ரிங்லெட்டில் ஒரு தேநீருக்கு நின்று, சக்கர விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 'சுர்' என்றால் இன்னொரு தேநீர் சொல்லிவிட்டு உட்காருங்கள்.